கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுதா? கடைக்குத் தூக்கும் முன் தேதியைப் பாருங்கள்!

[திரையில்: பிரவுசர் முழுக்க சிவப்பு முக்கோண எச்சரிக்கை]

வணக்கம் நண்பர்களே. வீட்டு டெஸ்க்டாப்பைப் போடுகிறீர்கள். ஜிமெயில் திறக்கவில்லை. பேங்க் வெப்சைட் திறக்கவில்லை. எதைத் தட்டினாலும் 'இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று சிவப்பு முக்கோணம் வந்து நிற்கிறது. வைஃபையில் குறை இல்லை, அதே வைஃபையில் போன் நன்றாக ஓடுகிறது. வைரஸ் புகுந்துவிட்டது என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், பல இடங்களில் முதலில் காதில் விழுவது 'ஃபார்மட் அடிச்சிடலாம் சார்'.

கொஞ்சம் பொறுங்கள். திரையின் வலது கீழ் மூலையில் தேதி என்ன காட்டுகிறது?

[திரையில்: 01-01-2015]

2015 ஜனவரி 1! வைரஸும் இல்லை, விண்டோஸும் கெடவில்லை. மதர்போர்டில், அதாவது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் முக்கிய சர்க்யூட் பலகையில், ஒரு சின்ன பொத்தான் பேட்டரி தீர்ந்துபோயிருக்கிறது, அவ்வளவுதான். எலக்ட்ரிக்கல் கடையில் ஐம்பது ரூபாய் சுமாருக்குக் கிடைக்கும்.

கம்ப்யூட்டர் பற்றி அதிகம் தெரியாதவர் தன் மெஷினில் தானே கை வைக்கலாமா, இல்லை ஆளைத்தான் கூப்பிட வேண்டுமா? கமெண்டில் அடிக்கடி வரும் கேள்வி இது. என் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்பதை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். செய்யப்போகும் வேலை தப்பாகப் போனால் பழையபடி ஆக்க முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால், தெரியாதவரும் தைரியமாக இறங்கலாம். முடியாது என்றால், நன்றாகத் தெரிந்தவரும் யோசிக்க வேண்டும்.

சரி, அந்தப் பேட்டரிக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடித்த கோளாறு இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

[திரையில்: மதர்போர்டின் நெருக்கக் காட்சி, நடுவே வெள்ளி நிறப் பேட்டரி]

இதன் பெயர் சி.ஆர்.2032. பெயரிலேயே அளவு இருக்கிறது: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். 3 வோல்ட். கரண்ட் இல்லாதபோதும் மதர்போர்டுக்குள் இருக்கும் கடிகாரத்தை ஓட வைப்பது இதுதான். பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை, கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்திருந்தாலும், அந்தக் கடிகாரம் மெயின் கரண்டிலேயே ஓடும். நம் வீடுகளில் வேலை முடிந்ததும் சுவரில் இருக்கும் சுவிட்சையும் அணைத்துவிடுவோம். நல்ல பழக்கம்தான், ஆனால் அந்த நேரம் முழுவதும் கடிகாரத்தின் பாரம் இந்தச் சின்னப் பேட்டரியின் மேல் விழுகிறது. சில வருடத்தில் அது தீர்ந்துவிடும். அப்புறம் ஒவ்வொரு முறை சுவிட்சை அணைக்கும்போதும் கடிகாரம் தயாரிப்பாளர் போட்டுவைத்த பழைய தேதிக்குத் திரும்பிவிடும்.

தேதி தப்பினால் ஜிமெயில் ஏன் திறக்காது? ஒவ்வொரு பாதுகாப்பான வெப்சைட்டும் உங்கள் பிரவுசரிடம் ஒரு சான்றிதழைக் காட்டுகிறது. அதில் 'இந்த நாள் முதல் இந்த நாள் வரை செல்லும்' என்று எழுதியிருக்கும். ஏராளமான வெப்சைட்டுகள் பயன்படுத்தும் இலவசச் சான்றிதழ்கள் அதிகபட்சம் 90 நாளைக்குத்தான் செல்லுபடியாகும். நீங்கள் இந்த மாத பஸ் பாஸைச் சரியாகத்தான் நீட்டுகிறீர்கள். கண்டக்டர் கையில் இருப்பதோ 2015 காலண்டர். 'இந்தப் பாஸ் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே, இறங்குங்க' என்கிறார். பாஸிலும் தப்பில்லை, கண்டக்டரும் தன் வேலையைத்தான் செய்கிறார். குரோம் சில சமயம் 'உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது' என்று நேராகவே சொல்லிவிடும். சிவப்பு நிறத்தைப் பார்த்த பதற்றத்தில் யாரும் அந்த வரியைப் படிப்பதில்லை. தயவுசெய்து படியுங்கள்!

மாற்றுவது எப்படி? முதலில் தேதியைக் கையால் சரிசெய்து பாருங்கள். வெப்சைட்டெல்லாம் திறந்துவிட்டு, மறுநாள் காலை தேதி மறுபடி பின்னால் போயிருந்தால் பேட்டரிதான். அடுத்து, கம்ப்யூட்டரைப் போட்டவுடன் டெலிட் அல்லது எஃப்2 விசையைத் தட்டி, விண்டோஸ் கிளம்பும் முன் வரும் அடிப்படை செட்டிங் திரையான பயாஸுக்குள் போய், ஒவ்வொரு பக்கத்தையும் போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரியைக் கழற்றினால் அந்த செட்டிங் எல்லாம் அழிந்துவிடக்கூடும். சில பழைய மெஷின்களில் ஹார்டு டிஸ்க்குக்கான செட்டிங் ஒன்று மாறிப்போய், விண்டோஸ் கிளம்பாமல் நின்றுவிடும். போட்டோ இருந்தால் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். இல்லாவிட்டால், ஒன்றுமே கெடாத கம்ப்யூட்டர் கடைக்குப் போகும்.

[திரையில்: கேபினட்டின் பக்கவாட்டுத் தகடு கழற்றப்படுகிறது]

பிறகு பவர் கேபிளைச் சுவரிலிருந்தே பிடுங்குங்கள். பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள், மிச்சக் கரண்ட் வடியட்டும். பக்கத் தகட்டைக் கழற்றி, கேபினட்டின் இரும்பை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள், உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் இறங்கட்டும். பேட்டரி ஓரத்தில் சின்ன உலோக நாக்கு ஒன்று இருக்கும். நகத்தால் அதைத் தள்ளினால் பேட்டரி தானே எழும்பி வரும். புதியதை, கூட்டல் குறி மேலே தெரியும்படி வைத்து அழுத்துங்கள். தேதியைப் போடுங்கள். முடிந்தது வேலை!

இது டெஸ்க்டாப்புக்கான கதை. லேப்டாப்பில் இந்தப் பேட்டரி ஒயரோடு எங்கோ ஒளிந்திருக்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது.

ஒன்றை மறக்காமல் கேளுங்கள். கழற்றிய பேட்டரியை மேஜைமேல் விட்டுவிடாதீர்கள். குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே கடுமையாகப் புண்ணாக்கிவிடும். தீர்ந்துபோன பேட்டரிதானே என்று நினைக்கவே வேண்டாம். இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

இதே ரகத்தில் நீங்களே செய்யக்கூடியவை இன்னும் இருக்கின்றன. டெஸ்க்டாப்பில் ஃபேன் சுற்றுகிறது, படம் வரவில்லை என்றால் ராம் என்ற மெமரி அட்டையைக் கழற்றி மறுபடி மாட்டிப் பாருங்கள், பல முறை அதிலேயே சரியாகிவிடும். பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான எஸ்.எஸ்.டி. டிஸ்க் போடுவதும் அப்படித்தான், டேட்டாவை வேறிடத்தில் நகலெடுத்துவிட்டால் தைரியமாகச் செய்யலாம்.

இனி, கை வைக்கவே கூடாத இடங்கள்.

[திரையில்: உப்பிய லேப்டாப் பேட்டரி]

லேப்டாப்பின் டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறதா? உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம். நிறுத்துங்கள், சார்ஜரைப் பிடுங்குங்கள், அழுத்தவோ குத்தவோ செய்யாதீர்கள். லித்தியம் பேட்டரி கிழிந்தால் தீப்பிடிக்கும். அதேபோல டெஸ்க்டாப்புக்குள் கரண்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்காதீர்கள். நம் வீட்டு 230 வோல்ட் அதற்குள் போய் 325 வோல்ட் அளவுக்கு, மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கெப்பாசிட்டரில் தேங்கி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். கெட்டுப்போனால் பெட்டியோடு மாற்றுவதுதான் வழி.

ஹார்டு டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போடுகிறதா? உடனே அணையுங்கள். உள்ளே தகடு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 சுற்று சுற்றுகிறது. அதன் மேல் டேட்டாவைப் படிக்கும் ஹெட் ஒன்று, சில நானோமீட்டர் இடைவெளியில் மிதக்கிறது. தலைமுடி ஒன்றின் தடிமன் எண்பதாயிரம் நானோமீட்டர் அளவுக்கு வரும். அந்த இடைவெளியில் ஒரு தூசி நுழைந்தால் என்ன ஆகும் என்று நீங்களே பாருங்கள். கல்யாண வீடியோவும் குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோவும் அதில் மட்டும்தான் இருக்கிறது என்றால், வீட்டில் திறப்பதும், ஃப்ரீசரில் வைப்பதும், கிடைத்த சாஃப்ட்வேரை எல்லாம் ஓட்டிப் பார்ப்பதும் வேண்டாம். கெட்ட டிஸ்க்கிலிருந்து ஃபைல்களை மீட்டுத் தரும் டேட்டா ரெக்கவரிக்காரர்களிடம் நேராகக் கொடுங்கள். மற்றவர் கை வைத்துக் குலைக்காத டிஸ்க்கில்தான் அவர்களுக்கு வாய்ப்பு அதிகம்.

தண்ணீர், காபி கொட்டினாலும் இதே பேச்சுதான்: உடனே அணைத்து, தெரிந்தவரிடம் கொடுங்கள். அரிசி மூட்டைக்குள் வைத்துப் பயனில்லை.

அப்படியானால் கடைக்காரரை நம்பலாமா? சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போயிருக்கிறீர்களா? 'சிப் லெவல் சர்வீஸ்' என்று போர்டு மாட்டிய கடைகள் சந்துக்குச் சந்து இருக்கும். மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்து, சூடான காற்றை ஊதி, எறும்பளவு ஐ.சி. சிப்பைக் கழற்றி மாற்றுகிறார்கள். எந்த வீடியோ பார்த்தும் நமக்கு அது வராது. அந்தத் திறமைக்குக் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

ஆனால் இதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். லேப்டாப்பில் சத்தம் வர வைக்கும் சாஃப்ட்வேரான ஒலி டிரைவரை மட்டும் முடக்கிவைத்து, ரகசியமாகப் பதிவு செய்யும் ஏற்பாட்டோடு சர்வீஸ் கடைகளில் கொடுத்தார்கள். 12 கடைகளின் பதிவுகள் கிடைத்தன. அதில் 6 கடைகளில் வாடிக்கையாளரின் சொந்த ஃபைல்களைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். 2 கடைகளில் வெளியே நகலே எடுத்திருக்கிறார்கள். சத்தம் வராததற்கும் போட்டோ ஃபோல்டருக்கும் என்ன சம்பந்தம்? எனக்கு இதைப் படித்தபோது கோபம்தான் வந்தது.

அதனால் ஸ்கிரீன், கீபோர்டு, ஹின்ஜ் (மூடியின் கீல்) வேலைக்குப் பாஸ்வேர்டு கேட்டால் ஏன் என்று கேளுங்கள். டெஸ்க்டாப் என்றால் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக் கொடுங்கள். விண்டோஸில் உள்ளே போயே ஆக வேண்டிய வேலை என்றால், அதற்கென்று தனி யூசர் அக்கவுண்ட் போட்டுக் கொடுங்கள், உங்கள் சொந்தப் பாஸ்வேர்டைச் சொல்ல வேண்டாம். முடிந்தால் எதிரிலேயே உட்கார்ந்து பாருங்கள், நல்ல டெக்னீஷியன் அதற்குத் தயங்க மாட்டார். எந்த பார்ட் மாற்றினார்களோ அந்தப் பழைய பார்ட்டைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு விஷயம், இதை எந்தக் கடைக்காரரும் உங்களுக்காகச் செய்ய முடியாது. விண்டோஸ் 11 லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு நுழைந்தால், பல மாடல்களில் டிஸ்க் முழுவதும் தானாகவே பூட்டப்படுகிறது. பூட்டியது பலருக்குத் தெரிவதே இல்லை. மதர்போர்டு மாற்றினாலோ, பயாஸில் சில மாற்றங்கள் செய்தாலோ, அந்தப் பூட்டைத் திறக்கும் 48 இலக்க எண்ணான ரெக்கவரி கீயைக் கேட்டு நீலத் திரை வந்து நிற்கும். அந்த எண் இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய நிபுணராலும் உள்ளே இருக்கும் ஒரு போட்டோவைக்கூட எடுக்க முடியாது.

[திரையில்: மைக்ரோசாஃப்ட் கணக்குப் பக்கம், ரெக்கவரி கீ பட்டியல்]

பெரும்பாலும் அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே இருக்கும். வீடியோவை இங்கே நிறுத்திவிட்டு, போனில் அந்தக் கணக்கைத் திறந்து, ரெக்கவரி கீயைக் கண்டுபிடித்து ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அப்பாவுடையது, அக்காவுடையது எல்லாவற்றுக்கும் எழுதுங்கள். எழுதி முடித்தவர்கள் கமெண்டில் 'எழுதிட்டேன்' என்று மட்டும் போடுங்கள். எண்ணைப் போட்டுவிடாதீர்கள்! அடுத்த வீடியோவில் பழைய லேப்டாப் ஒன்றில் எஸ்.எஸ்.டி. மாட்டிக் காட்டுகிறேன். உங்கள் மாடல் எண்ணையும் எழுதினால், அதிகம் பேர் கேட்ட மாடலையே எடுத்துக்கொள்கிறேன்.