விதைப்பு முதல் அறுவடை வரை ஒரே வயலில்

(வேளாண் பல்கலைக்கழக முதலாண்டு மாணவர் வரவேற்பு விழாவில், ஓய்வுபெற்ற உழவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் மாண்பமை துணைவேந்தர் அவர்களே, இந்த வளாகத்தின் ஒவ்வொரு வாய்க்காலையும் அறிந்த முதன்மையர் அவர்களே, நேரமின்மைக்கு நடுவிலும் என்னை வாசலுக்கே வந்து அழைத்துச் சென்ற பதிவாளர் அவர்களே, உழவியல் துறைத் தலைவர் அவர்களே, வயல் வேலையை வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டு இரவெல்லாம் பேருந்தில் பயணம் செய்து வந்திருக்கும் உழவர் சங்கப் பொறுப்பாளர்களே, பிள்ளைகளை முதன்முதலாக விடுதியில் விட வந்திருக்கும் பெற்றோர்களே, புதிய மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். பெரியவர்கள் பலர் அமர்ந்திருக்கும் அவையில் எனக்கு முதலில் பேச வாய்ப்பளித்தது துணைவேந்தர் அவர்களின் பெருந்தன்மை. உழவர் சங்கத் தலைவர் அவர்களை மேடையில் நடுநாயகமாக அமர வைத்திருக்கிறார்கள். வேளாண்மை கற்பிக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில் அந்த இருக்கை அவருக்கே உரியது என்று நான் மனதார நம்புகிறேன்.

மூன்று செய்திகளைப் பேச எண்ணி வந்திருக்கிறேன். உழவியல் என்ற படிப்பில் எதைப் படிக்கிறோம் என்பது முதலாவது. படித்து முடித்தவர்களுக்கு என்ன வேலை என்பது இரண்டாவது. இந்தப் படிப்பின் எந்தப் பகுதி வயலில் நடக்க வேண்டும் என்பது மூன்றாவது.

மாணவச் செல்வங்களே, நீங்கள் சேர்ந்திருக்கும் இடம் பழமையானது. 1868இல் சென்னை சைதாப்பேட்டையில் ஒரு வேளாண் பள்ளியாகத் தொடங்கி, 1906இல் கோயம்புத்தூருக்கு இடம்பெயர்ந்து கல்லூரியாக வளர்ந்து, 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக மலர்ந்தது. எம்.எஸ்.சுவாமிநாதன் அவர்கள் வங்கப் பஞ்சத்தின் செய்திகளால் கலங்கி, மருத்துவம் படிக்கும் எண்ணத்தைக் கைவிட்டு வந்து பட்டம் பெற்ற கல்லூரி இது. இங்கே மண்ணியல், பூச்சியியல், பயிர் நோயியல், மரபியல் என்று பல துறைகள் உண்டு. அவை தருகிற அறிவையெல்லாம் ஒரே வயலில் ஒரே பருவத்தில் ஒன்றுகூட்டிப் பார்க்கிற துறை உழவியல். எப்போது உழுவது, எந்த இடைவெளியில் நடுவது, களையை எந்த நாளுக்குள் எடுப்பது, தண்ணீரை எப்போது கட்டுவது, எப்போது வடிப்பது என்பவையே அதன் கேள்விகள். இவை அனைத்திலும் காலம் கலந்திருப்பதைக் கவனியுங்கள். காலத்தைத் தவறவிட்டவனுக்கு உழவியல் தெரிந்தும் பயனில்லை. நம் ஊர்ப்பக்கத்தில் இதைச் சுருக்கமாகச் சொல்வார்கள்: "உழுகிற நாளில் ஊருக்குப் போனால், அறுக்கிற நாளில் ஆள் தேவையில்லை." என் வகுப்பில் படித்தவர்கள் இந்தப் பழமொழியை என்னிடம் அலுக்க அலுக்கக் கேட்டிருப்பார்கள், இன்று நீங்களும் கேட்க வேண்டியிருக்கிறது.

காலத்தை மதிப்பது எப்படி என்பதற்கு இந்த வளாகத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. 1909இல் இங்கே நிரந்தர உரப் பரிசோதனை வயல் அமைக்கப்பட்டது. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட்டில் 1843இல் தொடங்கிய நீண்டகால ஆய்வை அடியொற்றியது அது. ஒரு பாத்திக்கு எதுவுமே இடுவதில்லை. ஒன்றுக்குத் தழைச்சத்து மட்டும், ஒன்றுக்கு மணிச்சத்து மட்டும், ஒன்றுக்குத் தழை, மணி, சாம்பல் என்ற மூன்று சத்துகளும் சேர்த்து, இன்னொன்றுக்குத் தொழுவுரம். இரண்டு உலகப் போர்கள் நடந்தன, நாடு விடுதலை பெற்றது, அந்தப் பாத்திகளில் விதைப்பும் அறுவடையும் தொடர்ந்தன. முதல் நாலைந்து ஆண்டுகளில் மண் சொல்லாததை நாற்பது, ஐம்பது ஆண்டுகள் கழித்துச் சொல்லும் என்று காத்திருந்தவர்கள் நம் முன்னோர். அந்த வயலின் ஓரத்தில் ஒருமுறையாவது மாலை நேரத்தில் நடந்து பாருங்கள். எதுவும் இடாத பாத்தியில் நிற்கும் பயிருக்கும், தொழுவுரம் இட்ட பாத்தியில் நிற்கும் பயிருக்கும் உள்ள வேறுபாட்டை எந்தப் பாடப்புத்தகமும் அவ்வளவு தெளிவாக உங்களுக்குக் காட்டாது.

இங்குள்ள நெல் நிலையத்தில் 1921இல் வெளிவந்த ஜி.இ.பி. 24 என்ற ரகமும் அப்படிப்பட்ட காத்திருப்பின் பயனே. கோனாமணி என்ற நெல் நின்ற வயலில், இயற்கையாக மாறுபட்டிருந்த பயிரைக் கண்டுகொண்டு பிரித்தெடுத்தார்கள். சன்ன அரிசிக்குப் பெயர் பெற்ற அந்த ரகம், திருவள்ளூர்ப் பக்கத்துத் திரூரில் உருவான டி.கே.எம். 6 என்ற நெல்லுக்குப் பெற்றோரில் ஒன்றாயிற்று. அந்த டி.கே.எம். 6 பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய் ஐ.ஆர். 20க்குப் பெற்றோராயிற்று. தஞ்சைத் தரணியில் சம்பாவிலும் தாளடியிலும் ஐ.ஆர். 20 நின்ற காலத்தை இங்குள்ள உழவர் பெருமக்கள் நன்றாக அறிவார்கள். இத்தனைக்கும் தொடக்கம், ஒருவர் வயலில் நின்று ஒரு பயிரை உற்றுப் பார்த்ததுதான்.

இனி நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். நான்காண்டுப் படிப்பின் இறுதியில் மாணவர்கள் கிராமத்தில் தங்கிப் பயிற்சி பெறுகிறார்கள். மிக நல்ல திட்டம். தெருவில் வண்ணப்பொடியால் ஊரின் வரைபடத்தைப் போட்டு, ஏரி எங்கே, கிணறு எங்கே, களம் எங்கே என்று ஊராரையே கேட்டுக் குறிப்பார்கள். விதை நேர்த்தியைச் செய்து காட்டுவார்கள். ஆனால் கிராமத்தில் தங்குவது சில வாரங்களே. நெல்லையோ நிலக்கடலையையோ அந்தச் சில வாரங்களுக்குள் விதைத்து அறுத்துவிட முடியாது.

இது எவ்வளவு பெரிய குறை என்பதை எனக்குக் கற்பித்தவர் ஓர் உழவர் அம்மா. நான் ஒரு கல்லூரியில் பயிற்சிப் பொறுப்பாசிரியராக இருந்தபோது, எங்கள் மாணவியர் நால்வர் திருவண்ணாமலைப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தங்கினார்கள். அந்த அம்மாவின் வீட்டுத் திண்ணையை ஒட்டிய அறைதான் அவர்களுக்கு இருப்பிடம். அவருடைய ஒன்றரை ஏக்கரில் மானாவாரி நிலக்கடலை. மாணவியர் போய்ச் சேர்ந்தபோது பயிருக்கு மண் அணைக்கும் நேரம். சுண்ணாம்புச் சத்து தரும் ஜிப்சத்தை ஏக்கருக்கு நூற்றறுபது கிலோ இட்டு மண் அணைத்தால் காய் திரட்சியாக இருக்கும் என்று அவர்கள் சொன்னார்கள். அந்த அம்மா பாதி நிலத்தில் இட்டார், பாதியை விட்டுவைத்தார். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று மாணவியர் கேட்டுக்கொண்டதை அவ்வளவு நேர்மையாகச் செய்தார். சில வாரங்களில் பயிற்சிக் காலம் முடிந்தது. மாணவியர் கல்லூரிக்குத் திரும்பி அறிக்கை எழுதினார்கள். ஜிப்சம் இட்ட பகுதியில் விளைச்சல் கூடும் என்று எழுதியிருந்த அந்த அறிக்கைக்கு நானும் நல்ல மதிப்பெண் இட்டேன்.

ஐப்பசியில் ஒரு நாள், தேர்வு நடந்துகொண்டிருக்கும்போது, வாயிற்காவலர் என்னைத் தேடி வந்தார். யாரோ ஓர் அம்மா இரண்டு செடிக்கட்டுகளோடு வந்து நிற்பதாகச் சொன்னார். போய்ப் பார்த்தேன். வேரோடும் காயோடும் பிடுங்கிய இரண்டு கட்டுகள். ஒன்றில் சிவப்புத் துணி முடிச்சு, மற்றதில் வெள்ளைத் துணி முடிச்சு. பேருந்து மாறி மாறி வந்திருக்கிறார்.

"பொண்ணுங்க எங்க சார்? அவங்க சொன்னபடிதான் ஜிப்சம் போட்டேன். செவப்புக் கட்டுல இருக்கிற மல்லாட்டை ஜிப்சம் போட்டது. இதுலயும் பொக்கு, அதுலயும் பொக்கு. ஏன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். அந்தப் பக்கத்தில் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். பொக்கு என்றால் உள்ளே பருப்புத் திரளாத காய்.

தேர்வு முடிந்து மாணவியர் ஓடி வந்தார்கள். துறையின் தாழ்வாரத்திலேயே எல்லோரும் உட்கார்ந்துவிட்டோம். ஒவ்வொரு செடியாகக் காயைப் பறித்து, உடைத்து, திரண்டது ஒரு பக்கம், பொக்கு ஒரு பக்கம் என்று பிரித்தார்கள். தேர்வு எழுதிவிட்டு வந்த மற்ற மாணவர்களும் சுற்றி உட்கார்ந்து எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு குவியலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. நால்வரில் ஒருத்தி கேட்டாள்: "அம்மா, நாங்க போனதுக்கு அப்புறம் மழை எப்ப பெஞ்சுது?" அந்த அம்மா யோசிக்கவே இல்லை. "நீங்க பெட்டியத் தூக்கிட்டுப் போனதோட சரி. புள்ளையார் சதுர்த்தி தாண்டியும் ஒரு பொட்டு இல்ல கண்ணு. விழுது இறங்குற நேரம் பூரா காய்ச்சல்தான்" என்றார்.

விடை அங்கே இருந்தது. பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கிக் காய் பிடிக்கும் காம்பைத்தான் விழுது என்கிறார்கள். நிலக்கடலைக் காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைத் தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து தானே எடுத்துக்கொள்கிறது. மேல்மண்ணில் ஈரம் இல்லாவிட்டால் இட்ட ஜிப்சம் கரைவதில்லை. காய்க்குப் போய்ச் சேர்வதும் இல்லை. மானாவாரிப் பயிருக்கு நாற்பதாம் நாள் முதல் எழுபத்தைந்தாம் நாள் வரை, மண்ணின் ஈரத்தைப் பார்த்து ஜிப்சம் இடுக என்று நம் பரிந்துரையிலேயே இருக்கிறது. அந்த வரி மாணவியருக்கு மனப்பாடம். ஈரம் எப்போது வந்தது, எப்போது போனது என்று பார்க்க அவர்கள் வயலில் இல்லை. "நீங்க கூட இருந்திருந்தா, இன்னும் பத்து நாள் பொறும்மான்னு சொல்லியிருப்பீங்கல்ல?" என்று அந்த அம்மா கேட்டார். கோபமே இல்லாமல் கேட்டார். உழுகிற நாளில் ஊருக்குப் போனால், அறுக்கிற நாளில் ஆள் தேவையில்லை. அந்த ஆண்டு ஊருக்குப் போனவர்கள் நாங்கள்.

அன்று முதல் நான் கேட்டுவருவது ஒன்றுதான். இறுதியாண்டில் ஒரு பருவம் முழுவதையும், விதைப்பு முதல் அறுவடை வரை, ஒவ்வொரு மாணவரும் ஓர் உழவரின் வயலை ஒட்டிக் கழிக்க வேண்டும். வளாகத்திலேயே மாணவர்களுக்கு நிலம் கொடுத்து நாற்றங்கால் முதல் அறுவடை வரை செய்ய வைக்கிறோமே, அது போதாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அது அருமையான பாடம்தான். ஆனால் பல்கலைக்கழக நிலத்தில் தண்ணீர் வரும், ஆள் வருவார்கள், விதை வாங்கக் கடன் வாங்க வேண்டியதில்லை. இவை மூன்றும் இல்லாத இடத்தில் எடுக்கும் முடிவுதான் உழவரின் முடிவு.

காலம் போதாது என்ற வாதமும் சரியன்று. கல்விப் பருவம் ஒன்றுக்கு ஏறத்தாழ ஐந்து மாதம். டி.எம்.வி. 7 நிலக்கடலைக்கு 105 நாள் போதும். குறுவையில் ஏ.டி.டி. 43 நெல் 110 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். கோவில்பட்டிக் கரிசலில் புரட்டாசியில் விதைக்கும் கே 12 சோளம் நூறு நாளுக்குள் கதிர் முற்றிவிடும். சி.ஆர். 1009 போன்ற நீண்டகாலச் சம்பாவை மட்டும் இந்தக் கணக்குக்குள் கொண்டுவர முடியாது, அதை விட்டுவிடலாம். விதைப்புப் பட்டம் தொடங்கும் நாளைப் பார்த்துக் கல்விப் பருவத்தின் தொடக்கத்தை அந்தந்த மாவட்டத்துக்கேற்ப முன்பின்னாக வைத்தால் போதும். ஒரே வயலை நூறு ஆண்டுகளுக்கு மேல் விடாமல் கவனித்த நிறுவனம், தன் மாணவரை ஒரு வயலில் நூற்றைந்து நாள் நிற்க வைக்க முடியாதா?

வேலைவாய்ப்பைப் பற்றித் துணைவேந்தர் அவர்கள் தம் உரையில் விரிவாகப் பேசவிருப்பதால், அதை அவரிடமே விட்டுவிடுகிறேன். பெற்றோர்களுக்கு மட்டும் ஒரு சொல். பெண் பிள்ளைகளை அத்தனை மாதம் கிராமத்தில் எப்படி விடுவது என்ற உங்கள் கவலை நியாயமானது. அதனால்தான் நான் இதை உழவர் சங்கத்தாரின் முன்னிலையில் பேசுகிறேன். பாதுகாப்பான வீடும் கழிப்பறையும் உள்ள ஊர்களை வட்டாரந்தோறும் அவர்கள் தெரிந்தெடுக்க வேண்டும். அருகிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தின் ஆசிரியர் ஒருவர் வாரம் ஒருமுறை அங்கே வந்துபோக வேண்டும். மாணவரின் அறிக்கையில் மழை நாள், களை எடுத்த நாள், உரமிட்ட நாள், கூலிச் செலவு, விற்ற விலை அனைத்தும் இருக்க வேண்டும். அதன் தமிழ்ப்படி ஒன்று நிலத்துக்குரியவர் கையில் சேர்ந்த பிறகே மதிப்பெண் இட வேண்டும்.

துணைவேந்தர் அவர்களே, இந்தக் கோரிக்கையை அடுத்த கல்விக்குழுக் கூட்டத்தின் பொருள்நிரலில் சேர்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். எழுத்து வடிவிலும் கொண்டுவந்திருக்கிறேன். எல்லா மாணவருக்கும் உடனே இயலாதென்றால், வரும் ஆடிப்பட்டத்தில் மானாவாரி நிலக்கடலை விளையும் ஒரே ஒரு வட்டாரத்தில் தொடங்குங்கள். அங்கே தங்க முன்வரும் மாணவர்களுக்கு இடம் பார்த்துத் தருவதாக உழவர் சங்கத் தலைவர் அவர்கள் சற்று முன் மேடையிலேயே என்னிடம் ஒப்புக்கொண்டார். அவருக்கும், பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. வணக்கம்.