சுவரொட்டியில் இல்லாத பெயர்

மதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, இனிய சொற்களால் வரவேற்ற செயலாளர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் புரவலர்களே, இந்த அரங்கின் வாடகையைப் பேசிப் பேசியே பாதியாக்கிய பொருளாளர் அவர்களே (அவருக்குத் தனியே ஒரு பாராட்டு விழா எடுக்கலாம், அதற்கும் அரங்கம் அவரே பிடித்துத் தருவார்), ஒலிபெருக்கியோடு மல்லுக்கட்டும் தம்பிகளே, தாய்மார்களே, நண்பர்களே, வணக்கம்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பார்கள். சித்திரக்காரர் பெயரைக் கேட்டால் ஊரே சொல்லும். சுவர் எழுப்பிய கொத்தனார் பெயரைக் கேட்டுப் பாருங்கள். இன்று ஒரு கொத்தனாரைப் பற்றித்தான் பேச வந்தேன். அவர் பெயர் ரூத் போல்ஸ்கி. 1970களின் கடைசியிலும் 1980களிலும் நியூயார்க்கில் ஹுர்ரா, பிறகு டான்சடீரியா ஆகிய இரவு விடுதிகளுக்கு இசைக் குழுக்களை ஒப்பந்தம் செய்த புக்கர். பங்க் என்ற முரட்டு ராக் இசை ஓய்ந்த கையோடு பிரிட்டனில் முளைத்த போஸ்ட்-பங்க் குழுக்கள் பல, அமெரிக்க மேடையில் கால் வைத்ததற்குப் பின்னால் இருந்தவர்.

மூன்று செய்திகள் சொல்வேன். ஒன்று, வாசல் வசூல் கணக்கு. இரண்டு, கடல் கடந்து ஒரு குழுவை அழைத்து வருவது. மூன்று, மேடையும் நடன மாடியும் ஒரே கட்டடத்தில் இருந்ததால் இசையே மாறிய கதை.

கணக்கை முதலில் பார்ப்போம். புக்கர் ஒரு குழுவுக்குக் குறைந்தபட்சத் தொகை ஒன்று பேசுவார். 500 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அல்லது செலவு போக மீதியில் 70 சதவீதம். இரண்டில் எது அதிகமோ அது குழுவுக்கு. 400 பேர் வருகிறார்கள், நுழைவு 6 டாலர், வசூல் 2,400. ஒலி, விளக்கு, வாசல் ஆட்கள், விளம்பரம் எல்லாம் சேர்த்து 900. மீதி 1,500, அதில் குழுவின் பங்கு 1,050. இப்போது அந்த 400 பேரில் 60 பேர் ஓசிப் பட்டியலில் நுழைந்தவர்கள் என்றால்? வசூல் 2,040தான். பங்கு 798 ஆகிவிடும். 252 டாலர் வாசலிலேயே கரைந்து போகிறது. இரவு மூன்று மணிக்கு, பாடி முடித்து வியர்வையோடு வந்து நிற்கும் குழுவின் மேலாளர், “கூடம் நிரம்பி வழிந்ததே, பணம் எங்கே?” என்று கேட்பார். நல்ல புக்கர் ஓசிப் பட்டியலின் உச்சவரம்பை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவார். வாசலில் தலை எண்ணும் கருவியின் எண்ணையும் விற்ற சீட்டின் எண்ணையும் மேலாளர் கண்முன்னே ஒப்பிட்டுக் காட்டுவார். இதைச் செய்யாதவருக்கு அடுத்த முறை குழு கிடைக்காது.

இனி இரண்டாவது. இங்கேதான் கதை இருக்கிறது, கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள்.

1980 மே. மான்செஸ்டரின் ஜாய் டிவிஷன் குழுவுக்கு முதல் அமெரிக்கப் பயணம். தேதிகள் பிடித்தவர் ரூத் போல்ஸ்கி. ஒரு தேதியைப் பிடிப்பது என்றால் மற்ற ஊர்களின் தேதிகளையும் அதோடு கோத்துவைப்பது. வார இறுதியில் நியூயார்க் நல்ல தொகை தரும், அதை நம்பித்தான் வாரநாளில் சின்ன ஊர்களில் குறைந்த தொகைக்குப் பாடச் சம்மதிப்பார்கள். நடுத்தூண் சாய்ந்தால் பந்தலே சாயும். திங்கட்கிழமை, 19ஆம் தேதி, கிளம்ப வேண்டும். 18ஆம் தேதி பாடகர் இயன் கர்ட்டிஸ் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 23.

பயணம் ரத்து. ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில், மிஞ்சிய மூவரும் நியூ ஆர்டர் என்ற புதுப் பெயரோடு அமெரிக்கா போனார்கள். யார் பாடுவது என்றுகூட முடிவாகவில்லை, மூவரும் மாறி மாறிப் பாடிப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். அப்படிப்பட்ட குழுவுக்கு மேடை கொடுக்க எத்தனை பேர் முன்வருவார்கள்? ரூத் முன்வந்தார். சரி, வந்தார்கள். நியூயார்க்கில் வண்டியை நிறுத்தினார்கள். விடிந்து பார்த்தால் வண்டியும் இல்லை, அதிலிருந்த கருவிகளும் இல்லை!

புக்கரின் தொழிலறிவு தெரிவது இந்த மாதிரி காலையில்தான். டிரம்ஸ், ஆம்ப்ளிஃபயர் இரண்டும் எந்த வாடகைக் கடையிலும் கிடைக்கும். சொல்லப்போனால், பிரிட்டனிலிருந்து அவற்றைச் சுமந்து வருவதே வீண். அங்கே அன்று மின்சாரம் 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் வோல்ட் சரியாகும், ஹெர்ட்ஸ் மாறாது. மின்சாரத்தின் அலைவெண்ணைப் பிடித்துச் சுழலும் மோட்டார் உள்ள டேப் கருவி அமெரிக்காவில் 20 சதவீதம் வேகமாக ஓடும், சுருதி மூன்று அரைச்சுரம் ஏறிவிடும். பாடகர் தொண்டையைக் கிழித்துக்கொள்ள வேண்டியதுதான். சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியின் கதை வேறு. மூவரில் ஒருவரான பெர்னார்ட் சம்னர் உதிரிபாகமாக வாங்கித் தானே பூட்டி வாசித்த வகையெல்லாம் வாடகைக் கடையில் தொங்காது. அந்தக் காலத்துக் கருவிகள் பலவற்றுக்கு, அமைத்த ஒலியைச் சேமித்து வைக்கும் நினைவகமும் கிடையாது. வேறொன்று கிடைத்தாலும் ஒவ்வொரு குமிழையும் திருகித் திருகிப் பழைய ஒலியைத் தேட வேண்டும். அதற்குள் ஒலிச் சரிபார்ப்பு நேரம் முடிந்துவிடும். இவ்வளவுக்கும் நடுவே, இரவல் கருவிகளோடு மீதி நிகழ்ச்சிகள் நடந்தன. சுவர் இடிந்தாலும் அன்றைக்குச் சித்திரம் நின்றுபோகவில்லை, அன்பர்களே. யாரோ தட்டி கட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

1983இன் கடைசி இரவில் மான்செஸ்டரின் இன்னொரு குழுவான தி ஸ்மித்ஸ் முதல்முறை அமெரிக்க மேடை ஏறியதும் டான்சடீரியாவில்தான். அங்கேயும் ரூத். 1986 செப்டம்பர் 7ஆம் தேதி, நியூயார்க்கின் லைம்லைட் விடுதியின் வாசலில் தறிகெட்டு வந்த ஒரு டாக்சி மோதி அவர் இறந்துபோனார்.

அந்தக் காலத்து மேடைகளில் பதிவான ஒலிநாடாக்களில் சில இன்று இசைத்தட்டுகளாக விற்கின்றன. அட்டையில் ஒலிப்பதிவாளர் பெயர் இருக்கும், படம் எடுத்தவர் பெயர் இருக்கும், அட்டையை வடிவமைத்தவர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். மேடையைப் பிடித்தவர் பெயரைத் தேடிப் பாருங்கள். ஆகவேதான் போகிற இடமெல்லாம் இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நேரலைப் பதிவு எதுவானாலும் “மேடை ஏற்பாடு” என்று ஒரு வரி வேண்டும். சுவரொட்டியிலும் வேண்டும், அழைப்பிதழிலும் வேண்டும். ஒரு வரிக்கு அச்சுக்கூலி ஏறாது. இன்றைய அழைப்பிதழை நானும் பார்த்தேன். புரவலர்கள் பன்னிருவர் பெயர் இருக்கிறது, வணக்கம். அரங்கம் பிடித்த பொருளாளர் பெயர் இல்லை. தலைவர் சிரிக்கிறார், அடுத்த முறை போட்டுவிடுவார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

சுவர் இருந்தால்தான்... சரி, நீங்களே முடித்துவிட்டீர்கள்.

மூன்றாவது செய்திக்குத் தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். நியூயார்க் நடன மாடிகளின் தாளம் நியூ ஆர்டருக்குள் எப்படிப் புகுந்தது என்பதை இன்னொரு மாலையில் சொல்கிறேன். வெளியே செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்து மேசையில் கையெழுத்துத் தாள் இருக்கிறது. பெயருக்கு எதிரே நீங்கள் ஏற்பாடு செய்த நிகழ்ச்சி ஏதாவது இருந்தால் அதன் தேதியையும் எழுதுங்கள். பேனா இரண்டுதான் இருக்கிறது, திருப்பி வைத்துவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.