சீனச் சொல்லைக் கண் எங்கே பிரிக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

அச்சிட்ட சீனப் பக்கத்தில் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி கிடையாது. சொற்களில் பெரும்பாலானவை ஈரெழுத்துச் சொற்கள். அநேகமாக ஒவ்வோர் எழுத்துக்கும் தனிப்பொருளும் உண்டு. 'ஹுவோசே' என்றால் நெருப்பு, வண்டி, சேர்ந்தால் ரயில். இது எளிது. 'மாஷாங்' அப்படியல்ல. குதிரை, மேல் என்ற இரண்டும் சேர்ந்து 'உடனே' ஆகிவிடும். குதிரையை வைத்து அந்தப் பொருளை எட்ட முடியாது. சொல் முழுசாகவே மனத்தில் பதிந்திருக்க வேண்டும்.

பிரிப்பதிலும் சிக்கல் உண்டு. 'ஹுவா' (பூ), 'ஷெங்', 'ஜாங்' (வளர்) என்று மூன்று எழுத்துகள் தொடர்ந்து வருகின்றன. முதல் இரண்டைச் சேர்த்தால் நிலக்கடலை, பின்னிரண்டைச் சேர்த்தால் வளர்தல். வளர்வது பூவா, கடலையா? நம் இலக்கணத்தில் 'தாமரை'யைத் தா, மரை என்றும் பிரிக்கலாம் என்பதால் பொதுமொழி என்பார்களே, அந்த மாதிரிதான். சீனத்தில் இது விடுகதைக்கு மட்டும் வருவதில்லை, சாதாரண வாக்கியத்திலேயே வரும். கண் ஓரிடத்தில் நிற்கும்போது இடப்பக்கம் ஓர் எழுத்தும் வலப்பக்கம் ஏறக்குறைய மூன்றும் பயன்படுகின்றன. ஆகவே இரண்டு பிரிப்புகளும் ஒரே பார்வைக்குள் மோதிக்கொள்ளும். தவறானது ஜெயித்தால் கண் திரும்பி வரும்.

மனம் சொல்லை முழுசாக எடுக்கிறதா, துண்டுகளாகவா என்பதை ஆய்வுக்கூடத்தில் அளக்கிறார்கள். திரை நடுவே கூட்டல் குறி, பிறகு 50 மில்லி வினாடி மின்னி மறையும் ஒரு சொல், அடுத்து சோதனைச் சொல். 'இது சொல்லா, இல்லையா' என்று பொத்தானை அழுத்த வேண்டும். மின்னிய சொல்லைப் பொறுத்துப் பதில் வரும் நேரத்தில் கிடைக்கும் வித்தியாசம் சில பத்து மில்லி வினாடிதான். அதனால் நான்கு கோட்டு எழுத்தை இருபது கோட்டு எழுத்தோடு ஒப்பிட்டால் கணக்கு கெட்டது. அரிய எழுத்தையும் அன்றாட எழுத்தையும் கலந்தாலும் அப்படியே. போலிச் சொற்களை எங்குமே சேராத எழுத்துகளால் கட்டினால், பார்ப்பவர் சொல்லைப் படிக்காமலே 'இல்லை' என்று தட்டிவிடுவார். உண்மைச் சொல்லின் எழுத்துகளை இடம் மாற்றிக் கொடுங்கள், தடுமாறுவார். அப்போதுதான் துண்டுகளும் மனத்தில் விழித்துக்கொள்வது தெரியும். ஆனாலும் வரிசை வீணல்ல: 'மீஃபெங்' தேனீ, அதையே திருப்பினால் 'ஃபெங்மீ', தேன்.

சரி, இடைவெளி விட்டே அச்சடித்தால்? 2008-இல் வெளியான ஓர் ஆய்வு அதைச் சோதித்தது. சொற்களுக்கு நடுவே இடைவெளி விட்டபோது வாசிப்பு வேகம் கூடவுமில்லை, குறையவுமில்லை. எழுத்துக்கு எழுத்து விட்டபோது குறைந்தது.