யார்க்கருக்குப் பின்னால் நின்றவர்கள்

நடுவர் அவர்களுக்கும், திருவிழாக் கூட்டத்தில் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும் ஈரோட்டுச் சொந்தங்களுக்கும் வணக்கமுங்க. கிரிக்கெட் வீரரை உருவாக்குவது தனித்திறமையா, குடும்பமும் ஊருமா என்பது தலைப்பு. குடும்பமும் ஊரும்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் நம்ம சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜனைக் காட்டி, "யார்க்கர் அவர் கையில் இருந்தது, வேறு யாரும் போட்டுக் கொடுக்கவில்லை" என்றார். மட்டையாளரின் காலடியிலேயே போய்க் குத்தும் பந்துதானுங்க யார்க்கர். சரி, நானும் அவரையே எடுத்துக்கொள்கிறேன்.

2015-ல், மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பையில் முதல் ஆட்டம். அதிலேயே அவர் பந்து வீசும் முறை விதிப்படி சரிதானா என்று சந்தேகம் எழுந்தது. அன்றைக்கும் அதே கைதானே, அதே திறமைதானே? அது ஏன் அவரைக் காப்பாற்றவில்லை? அப்பா தறித் தொழிலாளி, அம்மா சாலையோரம் கோழிக்கறி விற்றவர், ஐந்து பிள்ளைகளில் இவர் மூத்தவர். அப்படியொரு வீட்டில் மூத்த மகன் வருமானத்துக்கு வழி தேடாமல், பந்து வீசுவதை அடியிலிருந்து திரும்பக் கற்கப் போகிறேன் என்றால் அது எவ்வளவு பெரிய சுமை! தறிச் சத்தத்தில் வளர்ந்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லைங்க. அந்த வீடு தாங்கியது. சுனில் சுப்பிரமணியம் போன்ற பயிற்சியாளர்கள் கையைத் திருத்திக் கொடுத்தார்கள். டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்தவரைச் சென்னைக்குக் கூட்டிப்போன அதே ஊர் ஜெயப்பிரகாஷ் அண்ணன் கைவிடவில்லை. நடராஜன் தன் சட்டை முதுகில் 'ஜேபி நட்டு' என்று போட்டுக்கொண்டாரே, அந்த ஜேபி இவர்தான். தன் பெயருக்கு முன்னால் யார் பெயர் வர வேண்டும் என்று அவரே தீர்ப்புச் சொல்லிவிட்டார்!

2016-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக், 2017-ல் ஐபிஎல் ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அப்புறம் ஐதராபாத் அணியில் 2018, 2019 இரண்டு சீசனும் ஓர் ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை.

இனி 2020 நவம்பர் 6-க்கு வாருங்கள். அபுதாபியில் நடந்த ஐபிஎல் ஆட்டத்தில், தென்னாப்பிரிக்காவின் அதிரடி மட்டையாளர் டிவில்லியர்ஸின் ஸ்டம்பைப் பெயர்த்தார். அதே நாளில் இங்கே அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிள்ளையைப் பார்க்க வரவில்லை; இந்திய அணிக்கு வலைப்பயிற்சியில் பந்து வீச ஆஸ்திரேலியாவுக்குப் போனார். டிசம்பரில் கான்பெராவில் ஒருநாள் ஆட்டமும் டி20-யும், ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் ஆனார். அந்தப் பிரிஸ்பேன் காபா மைதானத்தில் முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட். டெஸ்ட் தொடரையும் நாம் வென்றோம். அந்த நாட்களெல்லாம் பச்சை உடம்புக்காரியான அவர் மனைவி கைக்குழந்தையோடு இங்கே இருந்தார். "நீங்க உடனே கிளம்பி வாங்க" என்று ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருந்தால் அந்தச் சாதனை ஏது? ஸ்கோர் அட்டையில் அந்தத் தாய்க்கு ஒரு வரி கிடையாது நடுவர் அவர்களே, அதைத்தான் இந்த மேடையில் கேட்கிறேன்.

எதிரணி இன்னொன்றுக்கும் பதில் சொல்லட்டும். எல்லாம் தன் திறமை என்று நினைக்கிறவர், முழங்கால் அறுவைக்குப் பிறகு இந்திய அணியில் இடம் கிடைக்காத காலத்தில், 2023-ல் சின்னப்பம்பட்டியிலேயே ஒரு மைதானம் கட்டித் திறப்பாரா? பட்ட கடன் எவ்வளவு என்று தெரிந்தவர் செய்கிற காரியமுங்க அது. தீர்ப்பை எங்கள் அணிக்குத் தாருங்கள். வணக்கம்.