ரேழியில் துப்பாக்கி நின்றுவிட்டால்

(தஞ்சாவூரில் ஆயுதப்படைக் காவலர்களிடையே, ஓய்வுபெற்ற பயிற்சி ஆய்வாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தம்பிகளே, தங்கைகளே, வணக்கம்.

வீட்டுக்குள் ஆயுதத்தோடு ஒருவன் பதுங்கியிருக்கிறான். உள்ளே ஒரு குழந்தையும் மாட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் காத்திருக்க வழியில்லாமல் நுழைகிறீர்கள். ட்ரிகரை அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், குண்டு வரவில்லை. சுட்டுப் பழகும் ரேஞ்சில் கற்றது தானாகக் கைக்கு வரும்: தோட்டா அடுக்கிய மேகசினை அடியில் தட்டு, பிஸ்டலின் மேல்பகுதியான ஸ்லைடை முழுக்க இழுத்து விடு, மறுபடி குறி வை. ரேஞ்சில் அது சரி. அங்கே எதிரே நிற்பது வெறும் அட்டை உருவம்.

நம் வட்டாரத்து வீடுகளை நினைத்துப் பாருங்கள். கும்பகோணத்திலும் திருவையாற்றிலும் இன்னும் எத்தனையோ பழைய ஓட்டு வீடுகள் இருக்கின்றன. திண்ணையைத் தாண்டிக் குனிந்து நுழைந்தால் ரேழி, கூடத்துக்குப் போகும் குறுகிய நடை. ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். பகலில் தெரு வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். கூடத்துத் தூணுக்குப் பின்னால் நிற்பவனுக்கு உங்கள் உருவம் முழுசாகத் தெரியும். முற்றத்து வெளிச்சத்தில் கண் கூசி, உங்களுக்கு அவன் தெரியமாட்டான். அந்த இடத்தில் நின்று துப்பாக்கியை ஆராயாதீர்கள். பின்னால் வருகிறவர்களும் அங்கேயே அடைபட்டுப் போவார்கள்.

ரேழியின் முடிவுக்கு வந்துவிட்டீர்களா? இரண்டே எட்டில் கூடத்தின் மூலைக்குப் போய்விடுங்கள். இன்னும் ரேழிக்குள்தான் இருக்கிறீர்களா? துப்பாக்கி நின்றுவிட்டது என்று பின்னால் வருபவருக்குத் தெரிய, 'ஸ்டாப்பேஜ்' என்று உரக்கச் சொல்லி, சுவரோடு ஒட்டி முழங்காலிடுங்கள். பின்னால் வருபவர் உங்கள் தலைக்கு மேலாகக் குறி வைப்பார். அவர் உங்கள் தோளைத் தட்டும்வரை எழுந்திருக்கவே கூடாது. எழுந்தால் அவருடைய குண்டுக்குக் குறுக்கே உங்கள் தலை வரும். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், சலித்துக்கொள்ளாதீர்கள். கையில் இருப்பது நீளத் துப்பாக்கி என்றால், அதை வாரில் தொங்கவிட்டு இடுப்பு பிஸ்டலை எடுங்கள்.

அவன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் கணக்கே வேறு. அப்போது அவன் ஆயுதத்தின் குழலைப் பிடித்து விலக்குவதுதான் முதல் வேலை. மும்பையில் 2008 நவம்பர் 26 இரவு, கிர்காவ் சௌபாத்தியில், மும்பை போலீஸ்காரர் துக்காராம் ஓம்ப்ளே கையில் லத்தியோடு போய், பயங்கரவாதி கசாப்பின் துப்பாக்கிக் குழலைப் பிடித்தார். உடம்பில் குண்டுகள் பாய்ந்தும் பிடியை விடவில்லை. அவர் உயிர் போனது, கசாப் உயிரோடு பிடிபட்டான். 2009இல் நாடு அவருக்கு அசோக சக்ரா அளித்து வணங்கியது.

இரண்டு ரவுண்டு, அதாவது தோட்டா, ஒன்றாகச் சிக்கிக்கொண்டால், மேகசினை உருவி, ஸ்லைடைப் பலமுறை இழுத்து, வேறு மேகசின் போட வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். சுவர் மறைவுக்கு வந்த பிறகே அதில் கை வையுங்கள். குழல் சகாக்கள் பக்கம் திரும்பக் கூடாது, விரல் ட்ரிகருக்கு வெளியே இருக்க வேண்டும். நின்றுபோன துப்பாக்கிக்குள்ளும் ரவுண்டு இருக்கலாம். 2017 டிசம்பரில், ராஜஸ்தானின் பாலி மாவட்டத்தில் கொள்ளையரைப் பிடிக்கப் போன நம் மாநில ஆய்வாளர் ஒருவர் குண்டு பட்டு இறந்தார். உடன் சென்ற அதிகாரியின் துப்பாக்கியிலிருந்து வந்த குண்டு அது என்று ராஜஸ்தான் போலீஸ் சொன்னது. என்ன காரணமாக இருந்தாலும், நெருக்கமான இடத்தில் நம் ஆயுதமே நம்மவரைக் கொல்லும்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் பணியில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உப்புக்காற்றும் ஐப்பசி மழையும் இரும்பை விடாது. மேகசின் ஸ்பிரிங் தளர்ந்தாலும், அதன் வாய் விளிம்பு வளைந்தாலும் ரவுண்டு ஏறாது. ஒருமுறை தகராறு செய்த மேகசினில் குறி போட்டு, ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் ஆர்மரரிடம் கொடுத்துவிடுங்கள்.

அதிகாரிகளிடம் ஒன்று கேட்கிறேன். மைதானத்து ஓரத்தில் நாலு மூங்கில் நட்டு, பழைய தார்ப்பாய் கட்டி, ரேழி அகலத்துக்கு ஒரு வழி அமைத்துக் கொடுங்கள். அங்கே ரவுண்டே இல்லாத துப்பாக்கியோடு இவர்கள் ஜோடி ஜோடியாக நடந்து, உட்கார்ந்து, தோள்தட்டி எழுந்து பழகட்டும். பிறகு ரேஞ்சில், ஒருவருடைய மேகசினை இன்னொருவர் நிரப்பட்டும். நடுவில் எங்கேயோ வெடிக்காத ஒரு டம்மி ரவுண்டு, எங்கே என்று சுடுகிறவருக்குத் தெரியக் கூடாது. செலவு ஒன்றும் பெரிதில்லை ஐயா, அடுத்த பயிற்சி வாரத்திலேயே தொடங்கிவிடலாம்.