யாழ்ப்பாணத்துக் கூழ்ப்பானை

அவைத்தலைவர் அவர்களுக்கும் இங்கே கூடியிருக்கும் அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

யாழ்ப்பாணத்துக்குப் போகிறவர்கள் எதைச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். விடுதிகளில் கேட்டால் நண்டுக்கறி என்பார்கள். நண்டுக்கறியைக் குறைசொல்ல நான் வரவில்லை. வறுத்து இடித்த மிளகாய்த்தூளும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து கொதித்து, இறக்கும் தறுவாயில் ஒரு பிடி முருங்கையிலையும் விழுந்தால் அந்த மணம் அடுத்த வளவு வரை போகும். ஆனாலும் அந்த ஊரின் கடலும் தரையும் ஒரே பானையில் சேரும் உணவு, பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியற்கூழ்தான். முதலில் கேட்டு வாங்கிக் குடிக்க வேண்டியது அதைத்தான் என்பது என் துணிபு.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. பெய்யும் மழையைச் சுண்ணாம்புக்கல் நிலம் உள்வாங்கிக்கொள்வதால், கிணற்றை நம்பியே தோட்டம் செய்தார்கள். நெல் மழையைப் பார்த்திருந்தது. யாரும் தண்ணீர் இறைக்காமலே நின்று பயன் தந்தது பனை. பனம்விதைகளைப் பாத்தியில் அடுக்கி மண் மூடி, சில மாதங்கள் கழித்துக் கிழங்கைக் கிண்டி எடுப்பார்கள். அதை அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். பச்சையாகவே கிழித்துக் காயவிட்டால் ஒடியல். புழுக்கொடியலைத் தேங்காய்ச் சொட்டோடு கடித்துத் தின்னலாம். ஒடியலோ கைக்கும். ஆகவே அதை இடித்து மாவாக்கி, தண்ணீரில் ஊறவிட்டு, மேலே தெளிந்து நிற்கும் நீரை வடித்த பின்னரே கூழுக்கு எடுக்கிறார்கள்.

பானையைச் சற்றுக் கிட்ட நின்று பார்ப்போம். தண்ணீர் கொதித்ததும் ஒரு கைப்பிடி அரிசி, பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளிக்கிழங்குத் துண்டுகள் ஆகியவை முதலில் இறங்கும். அவை பாதி அவிந்த பிறகு மீன்தலைகள், திருக்கை, நண்டு, இறால், கணவாய் என்று பரவைக்கடலும் ஆழ்கடலும் அன்றைக்குக் கொடுத்தவை சேரும். விலையுயர்ந்த அறக்குளா மீனைத் துண்டு துண்டாகப் போட்டுக் கூழ் காய்ச்சுவதை நான் ஊதாரித்தனம் என்றே சொல்வேன். சந்தையில் கூறு கட்டி விற்கும் சில்லறை மீனும் தலைகளும் தருகிற சாரமே வேறு. பிறகு அம்மியில் அரைத்த செத்தல் மிளகாயும் மஞ்சளும், பழப்புளிக் கரைசலும். கடைசியாகத்தான் ஒடியல் மா கரைத்து ஊற்றப்படும். அந்த நேரத்தில் அகப்பையைப் பிடித்திருப்பவருடன் யாரும் பேச்சுக் கொடுக்கக்கூடாது. துழாவுகிற கை சற்று ஓய்ந்தாலும் மா அடிப்பிடித்து, கூழ் முழுவதும் கருகல் வாடை ஏறிவிடும்.

இதை ஆதிகாலந்தொட்டு மாறாமல் வந்த உணவு என்று சிலர் பெருமை பேசுவார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. மிளகாயும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். ஐரோப்பியக் கப்பல்கள் இந்துமாக்கடலுக்குள் நுழைந்த பின்னரே நம் பக்கம் வந்தவை. போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றியது 1619இல். மிளகாய் வருவதற்கு முந்திய அடுப்புகளில் உறைப்பு என்றால் அது மிளகுதான். இன்று நம் கண்ணில் நீர் வரவழைக்கும் கூழ், வந்தேறிய பயிர்களையும் தன்னுடையதாக்கிக்கொண்ட கூழ்.

பலாவிலையைக் கோலி ஈர்க்கினால் குத்தியோ, பனையோலைப் பிளாவிலோ, சிரட்டையிலோ வாங்கி, சுடச்சுட உறிஞ்சிக் குடிக்க வேண்டும். இடையிடையே முள்ளும் நண்டுக்காலும் அகப்படும். அவசரக்காரருக்கு இது ஏற்றதன்று. இன்னொன்று, ஒருவருக்கென்று கூழ் காய்ச்ச முடியாது. முற்றத்தில் அடுப்பு மூட்டி, உறவும் அயலும் கூடியிருந்து குடிப்பதற்காக ஏற்பட்ட அளவு அது. ஆகவே பயணிகள் நாலைந்து பேராகச் சேர்ந்து, தங்கும் இடத்தில் முதல்நாளே சொல்லிவைப்பது நல்லது. மீன் உண்ணாதவர்கள் சைவக்கூழ் கேட்கலாம். காய்களும் பலாக்கொட்டையும் சேர்த்து அதையும் நன்றாகவே காய்ச்சுகிறார்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காலையில், பனையோலையால் இழைத்த நீற்றுப்பெட்டியில் அவித்த புட்டு கிடைத்தால் விடாதீர்கள். குழற்புட்டில் இல்லாத ஓலைவாசம் அதில் உண்டு. இரவில் இடியப்பமும் சொதியும். பனம்பழக் காலத்தில் போகிறவர்கள் பனங்காய்ப் பணியாரத்தையும் கேளுங்கள். முதல்நாள் சுட்டதை மறுநாள் தின்பதே எனக்கு உவப்பு.

கூழின் சுவை பிடித்துப்போய் வீட்டிலும் காய்ச்ச விரும்புகிறவர்கள் ஒடியல் மாவைப் பொதியாக வாங்கி வரலாம். 1978இல் தொடங்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபையின் விற்பனை நிலையங்களிலும் பனம்பொருள் வைத்திருக்கிறார்கள். பூஞ்சண வாடை இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். காய்ச்சுவதற்கு முன் ஊறவிட்டு, மேல்நீரை வடிக்க மறந்துவிடாதீர்கள்.