பகடை தவறும் இடம்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு பாத்திரத்தை ஏற்று, அதன் கண்ணால் கதையைப் பார்த்து ஆடுகின்ற ரோல் பிளேயிங் கேம்களை மேசையைச் சுற்றி அமர்ந்தும் கணினித் திரையிலும் பல ஆண்டுகளாக ஆடி வருகிறேன். புதிதாக ஒன்று கைக்குக் கிடைத்தால், அதன் படங்களையும் உலகத்தையும் பார்ப்பதற்கு முன்பே நான் தேடிப் படிப்பது, பகடையில் குறைந்த எண் விழுந்தால் என்ன நடக்கும் என்று சொல்கின்ற விதியைத்தான்.

1974-இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் அமெரிக்காவில் உருவாக்கி வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இவ்வகைக்குத் தொடக்கம். இன்று அதில் 20 முகப் பகடையை உருட்டுகிறார்கள். எந்த எண்ணும் விழுவதற்கு 5 விழுக்காடு வாய்ப்பு. பூட்டைத் திறக்க முயன்று எண் போதாமல் போனால் பூட்டு திறக்காது, பல மேசைகளில் கதையும் அந்தக் கதவருகே நின்றுவிடும். நம் வீட்டுத் தாயத்திலும் இந்த நிற்றல் உண்டு. ஒரு முகம் வெறுமையாகவும் மற்றவை 1, 2, 3 புள்ளிகளோடும் உள்ள இரண்டு கட்டைகளை உருட்டினால், 16 வழிகளில் 2 வழியில்தான் தாயம் விழும். அதுவரை காய் இறங்காது. தாயத்துக்கு அந்தக் காத்திருப்பே சுவை. கதைக்கு அது பொருந்துவதில்லை என்பது என் துணிபு.

கணினியில் 2023-இல் வந்த பால்டர்ஸ் கேட் 3, அதே 20 முகப் பகடையைத் திரையிலேயே உருட்டிக் காட்டுகிறது. மிக அழகான ஆக்கம். ஆயினும் தவறியவுடன் சேமித்த இடத்துக்குத் திரும்பிவிடக் கை துடிக்கிறது. 2019-இல் வந்த டிஸ்கோ எலிசியத்தில், நினைவிழந்த துப்பறிவாளராக இரண்டு பகடைகளை உருட்டி ஆடியபோது எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதில் சிவப்பு நிறத்தில் காட்டப்படும் சோதனைகளுக்கு ஒரே முறைதான் பகடையை உருட்டலாம். தவறினால் வெற்றியில் கேட்டிருக்க முடியாத வேறோர் உரையாடல் பெரும்பாலும் திறக்கிறது.

2010-இல் வெளிவந்த, மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் அப்போகலிப்ஸ் வேர்ல்டின் வழியோ வேறு. இரண்டு ஆறுமுகப் பகடைகளின் கூட்டுத்தொகை 10 அல்லது அதற்கு மேல் என்றால் முழு வெற்றி; 7 முதல் 9 வரை என்றால் வெற்றி உண்டு, ஆனால் அதற்கொரு விலையும் உண்டு; அதற்கும் குறைந்தால் கதையை நடத்துபவர் புதிய இடரைக் கொண்டுவருவார். பாத்திரத்தின் திறனைக் கூட்டாமல் கணக்கிட்டால், 36 வழிகளில் முழு வெற்றிக்கு 6, விலையுள்ள வெற்றிக்கு 15, தோல்விக்கு 15.

இந்த விதியை வைத்துக்கொண்டு, சென்ற பொங்கல் விடுமுறையில் கிருஷ்ணகிரியில் நண்பர் வீட்டில் ஐந்து பேர் அமர்ந்து ஆடினோம். தருமபுரி அருங்காட்சியகத்தில் நிற்கும் நடுகற்களைப் பார்த்துவிட்டு வந்திருந்ததால், பகைவர் கவர்ந்து சென்ற தொறுவை, அதாவது ஆநிரையை, மீட்பதே கதையாக அமைந்தது. காவேரிப்பட்டணத்துப் பக்கம் தென்பெண்ணையைக் கடக்கும் வேளையில் நண்பரின் தங்கை உருட்டினார், 8 விழுந்தது. மாடுகள் கரையேறிவிடும், விலை என்ன என்று கதையை நடத்திய நண்பர் கேட்டார். அந்தப் பெண் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, தன் வீரன் ஆற்றுத்துறையில் நின்று பகைவரை மறிப்பான் என்றும், அவன் திரும்பி வரமாட்டான் என்றும் தாமே சொன்னார். மற்றவர்கள் மாடுகளை ஊருக்கு ஓட்டிச் செல்லும் வரை ஆட்டம் தொடர்ந்தது. அதற்குள் அவர் ஒரு தாளில், வட்டெழுத்துக் கல்வெட்டின் நடையிலேயே, தம் வீரனின் பெயரையும் ஊரையும் எழுதி, ‘தொறு மீட்டுப் பட்டான் கல்’ என்று முடித்து, மேசையின் நடுவில் நிறுத்தி வைத்தார்.

நன்றி, வணக்கம்.